ஐந்து பாக்கெட்டில் நடுப் பாக்கெட்

முருகன் துணை.

நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் புதிதாக ஒரு தராசு வந்திருக்கிறதாம். பாக்கெட் அதன்மேல் ஓடிப் போகும்போதே எடை பார்த்து, கூடினதையும் குறைந்ததையும் தானே தட்டித் தள்ளிவிடுமாம். செய்தி சொன்னவர் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர். "அண்ணாச்சி, நீங்க இத்தனை வருஷம் கையாலயே எடை போட்டீங்களே, ஆண்டு மலருக்கு அதப்பத்தி நாலு பக்கம் எழுதுங்க" என்றார். ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர எனக்கு வேறு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுத ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மிளகு மூட்டை தூக்க வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். இருபது வயதில் தேயிலை பாக்கெட் போடும் கம்பெனியில் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஏலத்தில் எடுத்த தேயிலை பலகைப் பெட்டிகளில் வரும், ஒரு பெட்டி ஐம்பது கிலோ. நான்கே வருடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மானேஜர் குறுப்பு சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெத்தி நெறைய பஸ்மம் இட்டிட்டுண்டு. இவன் எடையில கள்ளம் பறையாது" என்றார். விபூதி இட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி எடை மேஜையில் உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்த பயிற்சி அரை நாள். மீதி எல்லாம் தேயிலைத் தூசியில் தும்மித் தும்மிக் கற்றது.

எங்கள் மெஷின் தேயிலையை எடை போடாது, அளந்துதான் போடும். மேலே பெரிய தொட்டி, அடியில் ஒரு கப். தேயிலை விழுந்து கப் நிறைந்ததும் ஒரு தகடு வந்து மேலே வழித்துவிடும், கப் கவிழ்ந்து அரைக் கிலோ பாக்கெட்டுக்குள் கொட்டும். கப்பின் அடித்தட்டை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் திருகினால் தேயிலை கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். அந்தத் திருகில் கை வைக்கும் உரிமை மெஷின்காரர் ஹம்சாக்காவுக்கு மட்டும். பள்ளுருத்திக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், மகா கேலிக்காரர். எங்கள் பேச்சு பாதி மலையாளம் பாதி தமிழ். அவர் என்னைச் சாமி என்பார், நான் அவரை இக்கா என்பேன்.

அரை மணிக்கு ஒரு தடவை அடுத்தடுத்து வரும் ஐந்து பாக்கெட்டை எடுத்து எடை பார்ப்பது என் வேலை. என்னுடையது முள் தராசு. இடது தட்டில் அரைக் கிலோப் பித்தளை எடைக்கல்லும் ஒரு காலி உறையும் இருக்கும், வலது தட்டில் பாக்கெட். சரியாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். கூடினால் வலப்பக்கம், குறைந்தால் இடப்பக்கம் சாயும், கிராமுக்கு ஒரு கோடு. ஐந்தையும் கூட்டி, ஐந்தால் வகுத்து, சராசரி எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். அது அரைக் கிலோவை விட்டு அதிகம் விலகினால் மணி அடிக்க வேண்டும்.

இதில்தான் வந்தது வினை. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் மட்டாஞ்சேரியில் சுவரே வியர்க்கும். தேயிலை எங்காவது கட்டி தட்டும். ஐந்தில் நான்கு பாக்கெட் சரியாக இருக்கும், ஒன்றில் கட்டி விழுந்து பதினைந்து கிராம் கூடிவிடும். சராசரி மூன்று கிராம் ஏறும். நான் மணி அடிப்பேன், ஹம்சாக்கா திருகைக் குறைப்பார். அடுத்த அரை மணியில் எல்லாப் பாக்கெட்டும் குறையும். மறுபடி மணி, மறுபடி திருகு.

"சாமீ, பின்னேயும் மணியா? இது தேயிலைக் கம்பெனியோ, கோயிலோ?" என்று மேலேயிருந்து கத்துவார். பாக்கெட் ஒட்டும் பெண்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். எனக்கு வகுத்தல் தப்பிப் போய் இன்னும் இரண்டு மணி அடித்த நாளும் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் தரம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஏலிக்குட்டி மேடம், கோட்டயத்துக்காரர், கல்கத்தாவில் போய்க் கணக்குப் படித்தவர். எறணாகுளத்திலிருந்து தினமும் காயலைக் கடந்து போட்டில் வருவார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, கொண்டையில் செருகிய பென்சில். முதல் மூன்று நாள் என் மேஜைப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே பிளேடால் பென்சில் சீவுவார். சீவல் கீழே சிந்தாமல் ஒரு காகிதத்தில் பிடித்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொள்வார். தேயிலை ஓடும் இடத்தில் குப்பை போடக் கூடாது என்று வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு வாரத்தில் நாங்கள் எல்லோருமே பீடித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம்.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எது நடந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எப்போ?" பெல்ட் அறுந்துவிட்டது மேடம். "எப்போ?" உறை கிழிகிறது மேடம். "எப்போ தொட்டு?" யார் செய்தது என்று கேட்டால் ஆள் பொய் சொல்வான், எப்போது என்று கேட்டால் யோசித்துப் பார்ப்பான் என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் காலை, நான் ஐந்து பாக்கெட்டை எடை போட்டுக் கூட்டலில் இறங்கும்போது கையால் மறித்தார்.

"ஆறுமுகம் சேட்டா, கூட்டண்டா, கூட்ட வேண்டாம். அஞ்சையும் வரிசையா வெச்சோளு. லேசானது இடத்தே, கனமானது வலத்தே."

வைத்தேன்.

நடுவில் அரைக் கிலோவுக்கு ஒரு கோடும், மேலும் கீழும் சிவப்புக் கோடுமாக வரைந்த ஒரு தாளை என் முன்னால் விரித்தார். "இனி நடுவிலே நிக்கிறதை மாத்ரம் இந்தச் சார்ட்டில் புள்ளி வை. அது மதி, அது போதும்."

"அப்போ மத்த நாலு, மேடம்? இதோ இது பதினஞ்சு கிராம் கூடியிருக்கே!"

"அது கடைசியிலே நிக்கட்டே. பதினஞ்சு கூடினாலும் கடைசிதான், அம்பது கூடினாலும் கடைசிதான். அதுக்காக நடுவிலே இருக்கிறவன் எழுந்து போகுமோ?"

கட்டி விழுந்த பாக்கெட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்து, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, பிரித்துப் பார்க்கச் சொன்னார். "அது ஒரு பாக்கெட்டோட வழக்கு. நடுவிலே இருக்கிறது மெஷினோட வழக்கு. ரெண்டையும் கூட்டிக் குழைக்கண்டா" என்றார். கூட்டல் போயிற்று, வகுத்தல் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி வள்ளியிடம் சொன்னேன். "எட்டாவது படிச்சவரப் பாத்து, முருகனே அந்தம்மாவ அனுப்பியிருக்கான்" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஹம்சாக்கா நம்பவில்லை. நடுவில் இருப்பதை மட்டும் பார்ப்பது கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது மாதிரி என்றார். ஒரு நாள் மோட்டார் அறையிலிருந்து எலுமிச்சங்காய் அளவு இரும்பு நட்டு ஒன்றை எடுத்து வந்து, நான் பார்க்காத நேரத்தில் ஒரு பாக்கெட்டில் போட்டு ஒட்ட வைத்துவிட்டார். தட்டில் வைத்ததும் முள் கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது. நான் பதறாமல் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி வலது கோடியில் வைத்தேன். நடுப் பாக்கெட் அரைக் கிராம்தான் கூடியிருந்தது. புள்ளி வைத்தேன், கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

எட்டிப் பார்த்த ஹம்சாக்கா மார்பில் கை வைத்துக்கொண்டார். "படச்சோனே! இரும்பைத் தின்னிட்டும் இதுக்கு வயிறு வலிக்கல்லே!"

பின்னால் ஏலிக்குட்டி மேடம் நின்றிருந்தார். பாக்கெட்டைப் பிரித்து நட்டை எடுத்துப் பார்த்தார். "ஹம்சா, இது மெஷின்லேர்ந்து எப்போ கழண்டது?"

"அது... இப்போ, மேடம்."

"எவிடேர்ந்து?"

ஹம்சாக்கா தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். மேடம் நட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தம் மேஜைக்குக் கொண்டுபோனார். அன்று முதல் சார்ட்டுத் தாள்கள் பறக்காமல் இருக்க அதுதான் பாரம்.

இன்னொரு சட்டமும் போட்டார். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் உடனே மணி. தாண்டாமலே நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் ஏழு புள்ளி சேர்ந்தாற்போல் விழுந்தாலும் மணி. அது ஏன் ஏழு என்று நான் கேட்டேன்.

"ஒரு நாள் போட் லேட் ஆனா சேட்டன் எந்தா பறையும்?"

"காத்து ஜாஸ்தின்னு."

"ஏழு நாளும் லேட் ஆனா?"

"போட்டுக்காரனைக் கேக்கணும், மேடம்."

"அதுதான்."

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. மணிச் சத்தம் குறைந்தது, திருகுக்கு ஓய்வு கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. சார்ட்டைப் பற்றி நான் பேசினால் ஏதோ நானே கண்டுபிடித்தது போல இருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஒரு சனி, ஞாயிறை ஒட்டி வந்தது. எங்கள் கம்பெனியில் எல்லா மதத்தாரும் அதில் கலந்துகொள்வார்கள். ஹம்சாக்கா மண்ணெண்ணெய் போட்டு மெஷினைக் கண்ணாடியாகத் துடைத்து வைப்பார், மாலை கட்ட வாழை நாரும் கொண்டுவருவார். வெள்ளிக்கிழமை மாலை பூஜை முடிந்ததும் குறுப்பு சார் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். திங்கள் காலை திறந்து, அவல் பிரசாதம் கொடுத்து, மெஷினை ஓட்டினோம். ஏலிக்குட்டி மேடம் தங்கைக்குக் கல்யாணம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பில் இருந்தார்.

முதல் புள்ளி கோட்டுக்குக் கீழே இரண்டரைக் கிராம் தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பதினொன்றரைக்குள் ஏழு புள்ளியும் கீழே. காலித் தட்டில் முள்ளைப் பார்த்தேன், சரியாக நடுவில் நின்றது. மணி அடித்தேன்.

ஹம்சாக்கா கீழே இறங்கி வந்தார். "சாமி, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. கப் நெறையற சத்தம் மாறவே இல்ல. எனக்குக் காது கேக்கும்."

"இக்கா, சத்தம் உங்களுக்கு. சார்ட் பொய் சொல்லாது. ஏழு புள்ளி!" என்றேன். சொன்ன குரல் எனக்கே இன்னும் கேட்கிறது.

காரணமும் கைக்கு எட்டினாற்போல் கிடைத்தது. அன்றுதான் வேறு தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பிரித்திருந்தோம். இலை லேசாக இருக்கும், அதனால் எடை குறைகிறது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவர் மனசில்லாமல் திருகை வலப்பக்கம் திருப்பினார். பன்னிரண்டு மணிக்குப் புள்ளி கோட்டில் வந்து உட்கார்ந்தது. "கண்டீங்களா?" என்றேன். அவர் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சரக்கு எண்ணிப் பார்த்தார்கள். வந்த தேயிலைக்கும் போன பாக்கெட்டுக்கும் நடுவே ஐந்து பெட்டித் தேயிலையைக் காணோம்.

குறுப்பு சார் கெட்டவர் இல்லை. ஆனால் தலைமை ஆபீசிலிருந்து போன் மேல் போன் வந்தது. தேயிலை அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று ஹம்சாக்காவிடம். ஹம்சாக்காவைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். நீக்கக் கடிதமும் போலீசில் ஒரு புகாரும் போகப் போகிறது என்று பாக்கெட் ஒட்டும் பெண்கள் கிசுகிசுத்தார்கள். பதினேழு வருடம் வேலை பார்த்த மனிதர், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து காவலாளிக்குக் காட்டிவிட்டு வெளியே போனார். அதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், "இருக்குமோ?" என்று எனக்கும் தோன்றியது. கடவுள் என்னை மன்னிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஏலிக்குட்டி மேடம் வந்தார். குறுப்பு சார் எல்லாவற்றையும் சொல்லி, கடிதம் மூன்று மணிக்கு டைப் ஆகிவிடும் என்றார்.

மேடம் குடையை மூலையில் சாத்தினார். "யாருன்னு சார் தீர்மானிச்சாச்சு. எப்போன்னு நான் ஒண்ணு நோக்கட்டே."

என்னைக் கூப்பிட்டு, சார்ட்டுகளை வரிசையாக விரிக்கச் சொன்னார். விரல் வெள்ளிக்கிழமை வரை கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. திங்களில் நின்றது.

"இதெந்தா?"

"புதுத் தேயிலை மேடம். இலை லேசு."

உடனே பழைய தேயிலையிலும் புதுத் தேயிலையிலும் ஒவ்வொரு கிளாஸ் எடுத்துவரச் சொல்லி, தம் அறையில் இருந்த கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எடை. என் தீர்ப்பு அங்கேயே செத்தது.

"சேட்டா, மெஷின் தேஞ்சா புள்ளி மெல்ல மெல்ல எறங்கும். இது அப்படியில்ல. மாடிப்படி போல ஒரே எறக்கம். வெள்ளி சாயந்தரம் மேல் படியிலே, திங்கள் காலை கீழ்ப் படியிலே. நடுவிலே மெஷின் பூட்டிக் கிடந்நு. பூட்டிக் கிடக்கிறது எப்படி மாறும்? பூஜைக்கு எந்தெல்லாம் செய்தது? ஒண்ணு விடாம பறை."

நான் உற்சாகமாகவே ஆரம்பித்தேன். "தரையைக் கழுவினோம் மேடம். மெஷினை ஹம்சாக்கா துடைச்சார். தராசை நான் புளி போட்டுத் தேய்ச்சேன். எடைக்கல்லையும் தேய்ச்சேன். வாழை இலையில வெச்சேன். சந்தனம்..."

அதற்கு மேல் நாக்கு ஓடவில்லை.

ஒவ்வொரு வருடமும் கல்லின் தலையில் சந்தனப் பொட்டு வைப்பேன். கை பட்டுப் பட்டு ஒரே நாளில் அழிந்துவிடும். சோறு போடும் கல்லில் அம்பாள் ஒரு நாள்தானா இருப்பாள் என்று எனக்கு மனக்குறை. அரைக் கிலோக் கல்லைக் கவிழ்த்தால் அடியில் ஒரு குழி உண்டு. அதில்தான் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும். அந்த வருடம் அந்தக் குழி நிறையச் சந்தனத்தை வழித்து, மட்டமாகத் தேய்த்து, நடுவில் குங்குமம் வைத்து, "தாயே, வருஷம் பூரா இங்கேயே இரு, இந்த வருஷம் யார் வாயிலும் விழாம வேலை நடக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலைச் சொன்னால் பலிக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. காலித் தட்டில் முள் நடுவில் நிற்கத்தானே செய்யும்! கல்லை வைத்தால்தானே கோளாறு தெரியும்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "சேட்டன் ஊண் கழிச்சிட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. மேஜைக்குப் போய்க் கல்லைக் கவிழ்த்தேன். சந்தனம் காய்ந்து, பாளம் வெடித்து, கெட்டியாக உட்கார்ந்திருந்தது. முத்திரை போட்ட கல்லில் கை வைத்தால் வேலை போகும் என்று எல்லா வருடமும் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. பெண்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உறை கிழிக்கும் கத்தி கையெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரு சுரண்டு சுரண்டினால் போதும்.

சுரண்டினேன் என்றே எழுதுகிறேன். ஓரத்தில் நகக்கண் அளவு வந்தது. கை நின்றுவிட்டது. இதைச் சுரண்டி எறிந்தால் ஒன்றரை மணிப் புள்ளி திடீரென்று மேலே ஏறும். மேடம் வந்து, "எப்போ?" என்பார். மேஜையில் நான் மட்டும் இருந்த நேரம் என்று சார்ட்டே சொல்லும். அதே சமயம் சந்தன வாசனையும் மூக்கில் ஏறியது. அம்பாளைச் சுரண்டி எறிந்து ஒரு மனிதனைத் திருடனாக்கப் பார்க்கிறாயே என்று உள்ளே ஒரு குரல். சார்ட்டுக்குப் பயந்தேனா, தெய்வத்துக்குப் பயந்தேனா, எது முந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் என்னைத் தள்ளின.

மேடம் அறைக்குள் குறுப்பு சாரும் இருந்தார். கல்லை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்போன்னு தெரியும், மேடம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு. யாருன்னும் தெரியும்."

குறுப்பு சார் குனிந்து பார்த்தார். "எடோ! முத்திரையுள்ள கல்லிலயா?"

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் எடை சரிபார்க்கும் லேபாரட்டரிக் கல் ஒன்று ஏற்கனவே தயாராக எடுத்து வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மேடம் பென்சில் சீவும் பிளேடால் சந்தனத்தை வழித்துக் காகிதத்தில் எடுத்தார், குங்குமம் உடையாமல், நானே செய்திருந்தாலும் அத்தனை பயபக்தியாகச் செய்திருக்க மாட்டேன். எடை போட்டார். இரண்டரைக் கிராமும் ஒரு சொச்சமும்.

"செரி, சந்தனம் ரெண்டரைக் கிராம்" என்றார் குறுப்பு சார். "என் அஞ்சு பெட்டி எவிடே?"

"பாக்கெட்டிலே, சார். கல் கனம் கூடி. அப்போ நல்ல பாக்கெட் குறைவுன்னு காட்டி. ஹம்சா திருகினது இந்தக் குறைவைத் தீர்க்க. ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டரைக் கிராம், ஒரு நாளைக்கு எட்டாயிரம் பாக்கெட். கூட்டிக்கோளு."

குடோனுக்குப் போனோம். வெளியே போகாமல் இருந்த அட்டைப் பெட்டிகளில் மூன்றைப் பிரித்து, பாக்கெட்டுகளை லேபாரட்டரிக் கல்லால் ஒவ்வொன்றாக எடை போட்டோம். எடுத்ததெல்லாம் கூடுதல். பத்தாவது பாக்கெட்டில் குறுப்பு சார் ஓர் அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் முகத்தைத் துடைத்தார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. "என்றெ ஈஸ்வரா! கேரளம் முழுசும் ரெண்டு வாரமா நம்ம செலவிலே கூடுதல் சாயா குடிச்சிட்டுண்டு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், எனக்கு மெமோ கொடுங்க" என்றேன்.

"மெமோ ஒண்ணும் இல்ல. நீயே போய் ஹம்சாவை விளிச்சிட்டு வா. நடந்தது எந்தான்னு நீயே அவன் முகத்தைப் பார்த்துப் பறை. அதான் நினக்கு சிட்சை."

கிளம்பும் முன் மேடம் சார்ட்டை என் முன் வைத்து, 'காரணம்' என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார். 'புதுத் தேயிலை' என்று நான் எழுதியதை அடிக்காமல், அதன் கீழே 'எடைக்கல்லில் சந்தனம். வைத்தவன் ஆறுமுகம்' என்று எழுதினேன். "இனி தினமும் காலையிலே என் கல்லை வெச்சும் ஒரு தடவை முள்ளைப் பார்க்கணும்" என்றார். வேறு ஒரு சொல் கண்டிக்கவில்லை. அடுத்த வருடம் முதல் நான் சந்தனத்தை எடை மேஜையின் காலில் வைத்தேன். அம்பாளுக்கு அங்கே ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

பள்ளுருத்திக்கு பஸ் இருந்தது. உட்கார்ந்து போக மனசு வராமல் நடந்தே போனேன். ஹம்சாக்கா வீட்டு வாசலில் ஒரு ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நபீசாத்தா என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்தா சாமி, இனி எங்க வீட்டையும் எடை போடணுமோ? வா, அடுக்களையில இருந்து தொடங்கு."

அவள் சொன்னது நியாயம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, சந்தனம், கல், திருகு, கத்தியை எடுத்தது வரை. ஹம்சாக்கா ஸ்டவ்வின் ஊசியை ஊதிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் எந்தா பறஞ்சது?"

"சத்தம் மாறலைன்னு சொன்னீங்க, இக்கா."

"நீ எந்தா பறஞ்சது?"

"சார்ட் பொய் சொல்லாதுன்னு."

"மூணு நாளா பள்ளிக்குத் தொழப் போக முடியல சாமி. கள்ளன் வந்திட்டான்னு பசங்க நோக்கறது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன், என்ன சொல்லிக் கேட்டேன் என்று நினைவில்லை. "நாளைக்கு உங்க பள்ளிவாசல் முன்னால நின்னு நானே சொல்றேன் இக்கா" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. சொன்னபடி மறுநாள் மத்தியானத் தொழுகை முடிந்ததும் போய்ச் சொல்லவும் செய்தேன்.

அப்போது நபீசாத்தா திடீரென்று உள்ளே போனாள். எங்கள் கம்பெனிப் பாக்கெட் ஒன்றோடு வெளியே வந்தாள், ஒட்டுப் பிரிக்காதது.

"இது இந்த மாசம் கம்பெனி கேன்டீன்ல வாங்கினது. அப்போ இதிலும் அந்தக் கூடுதல் உண்டோ?"

தேதியைப் பார்த்தேன். "உண்டு இத்தா. ரெண்டரைக் கிராம்."

ஹம்சாக்கா பாக்கெட்டை வாங்கிக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வெடிச் சிரிப்பு. "எடீ நபீசா, குறுப்பு சார் பறஞ்சது சத்தியமாணு! கள்ளத் தேயிலை நம்ம வீட்டில்தான் இருக்கு!"

அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை, தலையில் போட்டிருந்த தட்டத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போலீஸ் வரதுக்கு முந்தி பாக்கெட்டைப் பொட்டிச்சு சாயா போடு. சாமிக்கும் ஒரு கிளாஸ். அவனுக்குத் தூள் தூக்கலாப் போட்டுக் கடுப்பம் கூட்டு, அவன் கொடுத்த முதல்தானே."

நேமம், ஆசாரம் என்று வைத்துக்கொண்டு நான் அதுவரை அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவருக்கும் அது தெரியும், கேட்டதில்லை. அன்று அவர் பக்கத்தில், பிரித்துப் போட்ட ஸ்டவ்வுக்கு இந்தப் புறம் உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் குடித்தேன். நல்ல கடுப்பம்.